யார் பெயரில் நிறுவை?

அம்மாமார்களே, அண்ணன் தம்பிமார்களே, வணக்கம்.

இந்த மண்டபத்தில் பாதிப் பேர் மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்கள். குளிர் இருக்கும்போதுதான் மரத்தில் பால் நன்றாக இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஆணும் பெண்ணும் விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நின்றார்கள். அதே நிரை, அதே உளி, அதே வாளி. ஆனால் 1920களில் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அப்பா எழும்போது அம்மா எழுந்து ஒரு மணி நேரமாகியிருக்கும். அடுப்பு மூட்டி, வரக்கோப்பி கலக்கி, சோறு வடித்து, தூங்குகிற தம்பியைத் துண்டில் சுற்றி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்கு வருவார். மதியம் பாலை எடை போட்டதும் அப்பா குளித்துவிட்டு அஞ்சடித் திண்ணையில் உட்காருவார். அம்மா துணி துவைக்கப் போவார். சட்டையில் காய்ந்த பால் ரப்பராக ஒட்டியிருக்கும். அதை நகத்தால் உரித்து உரித்து எடுப்பார். அந்த வாடை அவர் விரலை விட்டுப் போனதே இல்லை. அப்பா கெட்டவர் இல்லை. அம்மா செய்வதும் வேலைதான் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் வெகுநாள் தோன்றவில்லை.

அப்புறம் ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். குலை வெட்டுவது ஆண் வேலையானது. பெண்களுக்கு வெளிக்காடு, அதாவது உரம் போடுவதும் மருந்தடிப்பதும். பராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்த பெண்களுக்கு மூக்கில் ரத்தம் வந்ததையும் நகம் கெட்டதையும் வெளியே பேசவைத்தது, ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகனித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பு. அந்த மருந்துக்கு முழுத் தடை வந்ததோ 2020இல்தான்.

இன்னொன்று எனக்கு ஆறவே ஆறாது. கணவர் குலை வெட்டுவார். மனைவி குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவார். எண்ணெய் அதிகம் உள்ளது அந்தப் பழுத்து உதிர்ந்ததில்தான். ஆனால் எடை போட்டு எழுதும் நிறுவை கணவர் பெயரில். கேட்டால், "வீட்டுக்காரம்மா சும்மா ஒத்தாசைக்கு வந்தாங்க" என்பார்கள். பெயர் இல்லாததால் அந்த அம்மாவுக்கு இபிஎப் சேமநிதி இல்லை, சொக்சோ காப்புறுதி இல்லை. பழக்காட்டில் பாம்பு கடித்தால்கூட அவர் தொழிலாளி என்று சொல்ல ஒரு தாள் கிடையாது.

2023 முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 98 நாள். அப்பாவுக்கும் 7 நாள் உண்டு. தம்பிமார்களே, அந்த ஏழு நாளும் குழந்தைத் துணியை நீங்கள் துவையுங்கள். சரி, இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். இல்லத்தரசிகளுக்கான சொக்சோ திட்டம் 2022 டிசம்பரில் வந்தது. ஆண்டுக்கு 120 ரிங்கிட். வீட்டு வேலையில் அடிபட்டால் பாதுகாப்பு உண்டு. மனைவி பெயரில் கட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். 55 வயதுக்குள் பதிய வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அம்மா வயதுக்காரர்களுக்கு அதுவும் கிடையாது.