தனியா இருக்கிற முயலுக்குத் துணை சேர்ப்பது எப்படி?

[காட்சி: சமையலறை வாசல். வெள்ளை முயல் ஒன்று கதவு நிலையில் தாடையைத் தேய்க்கிறது.]

இது பஞ்சு. கதவு நிலையில தாடையைத் தேய்க்குது, பாத்தீங்களா? அரிப்புன்னு நினைச்சிடாதீங்க. தாடைக்கு அடியில வாசனைச் சுரப்பி இருக்கு. நம்ம மூக்குக்கு எட்டாத வாசனையைத் தடவி, 'இது என் இடம்'னு அடையாளம் வைக்குது. கட்டில் கால், தண்ணிக் கிண்ணம், என் செருப்பு, எதையும் விட்டு வைக்கல.

புதுசா ஒரு முயலை வாங்கிட்டு வந்து நேரா இதோட கூண்டுல விட்டா ஏன் ரத்தம் வருதுன்னு இதுலயே புரிஞ்சிடும். பண்ணை வச்சிருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். இனச்சேர்க்கைக்குப் பெண் முயலைத்தான் ஆணோட கூண்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்க. ஆணைக் கொண்டு போய் பெண்ணோட கூண்டுல விட்டா, அது கடிச்சு விரட்டிடும்.

அப்படின்னா தனியாவே இருந்துட்டுப் போகட்டுமேன்னு நானும் ஒரு வருஷம் விட்டுட்டேன். வளர்ப்பு முயலோட பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். மண்ணுக்குள்ள வளை தோண்டிக் கூட்டமா வாழுற ஜீவன். ஒண்ணு ஆபத்தைக் கண்டு பின்னங்காலால தரையைத் தட்டினா, மத்ததெல்லாம் ஓடி ஒளியும். ஒண்ணு முகத்தை இன்னொண்ணு நக்கிக் கொடுக்கும். நானோ காலையில எட்டரைக்குப் போனா ராத்திரி ஏழு மணிக்குத்தான் வீடு வருவேன். "பாப்பா, பகல் பூரா அது கம்பியைக் கடிச்சுக்கிட்டே கிடக்கும்மா"ன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்ன அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல.

[காட்சி: புல்வெளி ஓரம் பழுப்பு நிறக் காட்டு முயல்.]

ஒரு எச்சரிக்கை சொல்லிடறேன். தமிழ்ல ரெண்டுக்கும் முயல்னு ஒரே பேர்தான். ஆனா நம்ம வயக்காட்டுல ஓடுற காட்டு முயல் வேற இனம். வளர்ப்பு முயலுக்குக் குரோமோசோம் 44, அதுக்கு 48. அது வளை தோண்டாது, கூட்டமா வாழாது, வீட்டு முயலோட சேராது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட விலங்கும் கூட. குட்டி தனியாப் படுத்திருந்தா அனாதைன்னு தூக்கிட்டு வராதீங்க, தாய் அப்படித்தான் விட்டுட்டுப் போய்ப் பால் கொடுக்க மட்டும் வரும்.

சரி, யாரை யாரோட சேர்க்கலாம்? கருத்தடை செஞ்ச ஒரு ஆண், கருத்தடை செஞ்ச ஒரு பெண். பெரும்பாலும் சுலபமா ஒத்துப்போறது இந்த ஜோடிதான். அதுக்காக ரெண்டு பெண்ணு சேரவே சேராதுன்னு பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நான் நிக்க மாட்டேன், சேர்றதும் உண்டு. ஆனா கருத்தடையை மட்டும் தள்ளிப் போடாதீங்க. முயலுக்குச் சினைக்காலம் சுமார் 31 நாள்தான். ஈன்ற அன்னைக்கே மறுபடி சினை பிடிக்கும். சின்னக் குட்டியில ஆண் பெண் கண்டுபிடிக்கிறதும் கஷ்டம். ரெண்டும் பெண்ணுதான்னு கடைக்காரர் சொன்னாலும் ஒரு மருத்துவர்கிட்ட காட்டிடுங்க. கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு வயசாக ஆகக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வர்றது சகஜம்ங்கறது இன்னொரு காரணம்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி போதும்: "ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பட்டினி போடணுமா?" நாய், பூனை வாந்தி எடுக்கும், முயலால முடியாது. குடல் ஓடிக்கிட்டே இருக்கணும், பட்டினி ஆபத்து. "போடணும்"னு பதில் வந்தா வேற ஆளைப் பாருங்க. ஆபரேஷன் முடிஞ்சும் ஆண் முயல் ஆறு வாரம் வரைக்கும் சினைப்படுத்தலாம். அதுவரை தனித்தனியா வைங்க.

புதுசா வந்த முயலை ரெண்டு வாரம் வேற ரூம்ல வைங்க. சொறியும் காதுல பொருக்கும் இங்க ரொம்ப சாதாரணம். நாய்க்குப் போடுற ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை மட்டும் முயல்மேல போட்டுடாதீங்க, உயிருக்கே ஆபத்து.

[காட்சி: நாலு விரல் இடைவெளியில் இரண்டு கூண்டுகள். இரண்டிலும் ஒரே நேரத்தில் கொத்தமல்லித் தழை.]

இப்ப வாசனையில இருந்து தொடங்கணும். கூண்டு ரெண்டையும் பக்கத்துல வைங்க, ஆனா ஒட்டி வைக்காதீங்க, கம்பி வழியா மூக்கைக் கடிச்சிடும். தினமும் கீழே விரிச்ச துணியை மாத்திப் போடுங்க. சில நாள் கழிச்சு முயலையே கூண்டு மாத்தி விடுங்க. அந்த வாசனைக்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்குதுன்னா அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

சந்திப்பு நடக்கிற இடம் ரெண்டுக்கும் சொந்தமில்லாததா இருக்கணும். எங்க வீட்டுல பஞ்சுவோட வாசனை இல்லாத ஒரே இடம் குளியலறை. கழுவிக் காயவிட்டு, வழுக்காம இருக்க மிதியடி விரிச்சேன். புதுசா வந்த மிளகு ஒரு மூலை, பஞ்சு எதிர் மூலை. ரெண்டு நிமிஷம் அசைவே இல்ல. அப்புறம் பஞ்சு கழுத்தை நீட்டி, பின்னங்கால் ரெண்டையும் அங்கேயே வச்சுக்கிட்டு, உடம்பை ரப்பர் மாதிரி இழுத்து மோந்து பார்த்துது. மிளகு திரும்பி உக்காந்து முகம் கழுவ ஆரம்பிச்சுடுச்சு. அது நல்ல அறிகுறி. பயத்துல இருக்கிற முயல் முகம் கழுவிக்கிட்டு இருக்காது.

அடுத்து பஞ்சு போய் மிளகு மேல ஏறுச்சு. "என்னடி இது, பிரிச்சு விடு"ன்னு அம்மா பதறினாங்க. யார் பெரியவங்கன்னு தீர்மானிக்கிற வழி இது, பெண்ணும் செய்யும். சில விநாடி விடலாம். தலைப்பக்கமா ஏறினா மட்டும் உடனே இறக்கணும், கீழே இருக்கிறது கடிச்சா காயம் மோசமான இடத்துல படும்.

வால் மேல தூக்கி, காது பின்னால ஒட்டி, உறுமினா அது சண்டைக்குத் தயார். ஒண்ணையொண்ணு சுத்திச் சுத்தித் துரத்தினா ஒரு நொடி கூடக் காத்திருக்காதீங்க. வெறும் கையை விடாதீங்க, எலும்பு வரைக்கும் கடி இறங்கும். நடுவுல ஒரு அட்டையோ துடைப்பமோ நுழைச்சுப் பிரிங்க. முதல் நாள் பத்து நிமிஷம் போதும், சண்டை வர்றதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. வெயில் காலத்துல விடியற்காலையில செய்ங்க. 30 டிகிரிக்கு மேல போனாலே முயலுக்குத் தாங்காது.

எத்தனை நாள் ஆகும்? ஒரு வாரத்துல சேர்ந்த ஜோடியும் உண்டு, மூணு மாசம் எடுத்த ஜோடியும் உண்டு. எனக்கு 23 நாள். பஞ்சு தலையைத் தரையோட தாழ்த்தி மிளகு முன்னாடி நீட்டுச்சு, 'நக்கி விடு'ன்னு கேக்கிற மாதிரி. மிளகு கண்டுக்கல. பஞ்சு மூக்கால ஒரு இடி இடிச்சுட்டு மறுபடி தாழ்த்துச்சு. அப்புறம்தான் அந்தச் சின்ன நாக்கு வெளிய வந்துது, நெத்தியில ரெண்டு நக்கு.

[காட்சி: ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கும் வெள்ளை முயலும் கறுப்பு முயலும்.]

ரெண்டு நாள் முழுசா, கண்ணெதிரிலேயே, சண்டையில்லாம கழிஞ்ச பிறகுதான் ஒரே கூண்டு. அதையும் வினிகர் தண்ணியில கழுவி, இடம் மாத்தி வைங்க. கிண்ணம் ரெண்டு, ஒளிய இடம் ரெண்டு.

இனிமே ஒண்ணுக்கு உடம்பு சரியில்லைன்னாலும் மருத்துவர்கிட்ட ரெண்டையும் ஒரே கூடையில கொண்டு போங்க. ஒண்ணு மட்டும் ஆஸ்பத்திரி வாசனையோட திரும்பி வந்தா, வீட்டுல இருக்கிறதுக்கு அது அந்நியமாயிடலாம். அப்புறம் மறுபடி குளியலறையில இருந்து ஆரம்பிக்கணும்.