உள்ளே ஆள் இருந்தால் எதிர்த்தீ வைக்க முடியாது

நடுவர் அவர்களே, குன்றக்குடி அடிகளார் வளர்த்த பட்டிமன்றத்தை இன்றும் விடாமல் கேட்கும் காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம். தீக்காலத்தில் காட்டுக்குள் நுழையத் தடை போடுவது சரியா, தவறா? சரி என்கிறோம் நாங்கள்.

எதிரணி அண்ணன் கனடா வரைக்கும் போய்விட்டார். 2025 ஆகஸ்டில் நோவா ஸ்கோஷியாவில் காட்டுக்குள் நடந்தாலே 25,000 டாலர் அபராதமாம். "நடக்கிறவன் காலிலா தீ இருக்கு?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். அங்கே நிலத்துக்காரர் தன் சொந்த நிலத்தில் இருக்கத் தடையில்லை என்பதையும், மழை பெய்த பகுதிகளில் தடையை முன்னதாக விலக்கினார்கள் என்பதையும் மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அண்ணே, நடக்கிறவர் தீ வைப்பார் என்பது பாதிக் காரணம்தான். அணைக்காத பீடி, சோறு பொங்கிய அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கிற தீ, எல்லாம் உண்டு. நம் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதக் கையால்தான் வருகிறது. ஆனால் பெரிய காரணம், பிடித்த தீயை அணைப்பதில் இருக்கிறது.

மலையில் தண்ணீர் லாரி ஏறாது. பச்சைக் கொப்பை ஒடித்து அடிப்பார்கள், சருகைக் கூட்டி ஒதுக்குவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் எதிர்த்தீ. முன்பே சுத்தம் செய்து வைத்த தீத்தடுப்புக் கோட்டில் நின்று, வரும் தீயை நோக்கி இவர்களே தீ வைப்பார்கள். நடுவிலுள்ள புல்லும் சருகும் எரிந்து தீர்ந்ததும், பெருந்தீ இரையில்லாமல் நின்றுபோகும். நடுவிலே நாலு பேர் கூடாரம் போட்டிருந்தால்? தீக்குச்சியை உரச முடியாது. காவலர்கள் தீயை விட்டுவிட்டு ஆளைத் தேடிப் போக வேண்டும்.

2018 மார்ச் 11, போடி பக்கம் குரங்கணி. மலையேறப் போன இடத்தில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏன் ஓடித் தப்பவில்லை என்று கேட்கிறோமே, சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 30 பாகைச் சரிவில் சமதரையைவிட எட்டு மடங்கு. தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், விரல் சொல்லும். நம்ம பிரான்மலை போன்ற சரிவில் காய்ந்த புல்லில் தீ கீழிருந்து வந்தால், இளவட்டம்கூட முந்த முடியாது. குரங்கணிக்குப் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகளும் மறு ஆண்டு பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடப்பட்டன.

"செயற்கைக்கோள்தான் பார்க்குதே" என்றார் தங்கச்சி. பார்க்குதும்மா. அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டர் அகலம். ஒரு நாளைக்குச் சில தடவைதான் நம் தலைக்கு மேலே கடக்கும். அது போய்த் திரும்புவதற்குள் ஒரு சரிவே கருகிவிடும். இலைக்கூரைக்கு அடியில் ஊர்கிற தீ பல நேரம் அதன் கண்ணுக்கே படாது.

"வெள்ளியங்கிரியை மட்டும் பிப்ரவரியிலிருந்து மே வரை திறக்கிறார்களே?" இது கூர்மையான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஏறுவது ஒரே பாதை. அடிவாரத்தில் பையைச் சோதித்து பீடி, தீப்பெட்டியை வாங்கி வைக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்று தெரியும். தெரிந்த கூட்டத்தை இறக்கலாம். தெரியாத நாலு பேரை எங்கே தேடுவது?

தேதியை மட்டும் பார்த்துப் பூட்டுவதில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. முன்கூட்டி மழை பெய்தால் முன்கூட்டித் திறக்கட்டும். தேனெடுக்கும் பழங்குடிக்கு 2006 வன உரிமைச் சட்டம் தந்த உரிமையிலும் கைவைக்கக் கூடாது. புகையை முதலில் பார்ப்பவர் அவர்தான்.

அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணன் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். எதிர்த்தீ வைக்க ரேஞ்சர் தீப்பெட்டியைக் கையில் எடுக்கிறார். உள்ளே யாரும் இல்லை என்று அவருக்கு உறுதி கொடுப்பது யார்?