தூரத்து சர்வரில் என்எஃப்எஸ் ஏன் ஊர்கிறது?

என்எஃப்எஸ் (NFS) என்பது வேறு கணினியில் இருக்கும் ஃபைல்களை நெட்வொர்க் வழியாக நம் கணினியிலேயே இருப்பதுபோலப் பயன்படுத்தும் முறை; அப்படி இணைத்துக்கொள்வதுதான் மவுன்ட். ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "வேறு கண்டத்தில் இருக்கும் சர்வரை என்எஃப்எஸ்ஸில் மவுன்ட் செய்திருக்கிறேன். லைன் 100 எம்பிபிஎஸ், பிங் (ஒருமுறை போய் வரும் நேரம்) 200 மில்லிசெகண்ட். சின்னச் சின்ன ஃபைல்களை காப்பி செய்தால் நகரவே மாட்டேன் என்கிறது. லைனைப் பெரிதாக்கினால் சரியாகுமா?"

ஆகாதுங்க. அதற்குப் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2,000 ஃபைல், ஒவ்வொன்றும் 1 கேபி. மொத்தமே 2 எம்பிதான். ஆனால் பெயரைத் தேட, திறக்க, படிக்க, மூட என்று ஃபைலுக்கு நான்கு தடவை சர்வருக்குப் போய் வருகிறது என்று வையுங்கள். காப்பி செய்யும் சிபி (cp) கட்டளை, ஒரு ஃபைலை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடும். 8,000 தடவை, தடவைக்கு 0.2 வினாடி: கிட்டத்தட்ட 27 நிமிடம். லைன் 1 ஜிபிபிஎஸ் ஆனாலும் அதே 27 நிமிடம்தான்.

அதனால் போய் வருகிற தடவைகளைக் குறைக்க வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு என் முதல் யோசனை, என்எஃப்எஸ்ஸை விட்டுவிட்டு எல்லா ஃபைல்களையும் டார் (tar) கட்டளையால் ஒரே மூட்டையாகக் கட்டி, எஸ்எஸ்ஹெச் (SSH) என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக அனுப்புவது. எல்லாம் ஒரே ஓட்டமாகப் போகும், சில வினாடிகளில் முடிந்துவிடும்.

என்எஃப்எஸ்தான் வேண்டுமென்றால், மவுன்ட் செய்யும்போது ஆக்டைமியோ (actimeo) என்ற அமைப்பைக் கூட்டுங்கள்; ஃபைல் விவரங்களை எவ்வளவு நேரம் நினைவில் வைப்பது என்பதை அது சொல்கிறது. அவற்றை கிளையன்ட் (உங்கள் கணினி) இயல்பாக 3 முதல் 60 வினாடி வரைதான் நினைவில் வைக்கும். 600 என்று கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பது குறையும். ஆனால் மற்றவர்கள் செய்த மாற்றம் உங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும். பலர் எழுதுகிற இடத்தில் வேண்டாம்.

பெரிய ஃபைல் படிப்பது வேறு கதை. ரீட்அஹெட் (readahead) என்பது கேட்கும் முன்பே அடுத்த பகுதியை எடுத்து வைப்பது; லினக்ஸ் 5.4 கர்னலிலிருந்து என்எஃப்எஸ்ஸுக்கு அது இயல்பாக 128 கேபிதான். 200 மில்லிசெகண்டுக்கு 128 கேபி என்றால் வினாடிக்கு 640 கேபி அளவில் நின்றுவிடும். அதை 4 எம்பி, 8 எம்பி என்று ஏற்றிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். என்கனெக்ட் (nconnect) என்ற மவுன்ட் அமைப்பு சர்வருக்குப் பல இணைப்புகளைத் திறக்கும், ஆனால் சின்ன ஃபைல்களை ஒவ்வொன்றாகக் காப்பி செய்யும் ஒற்றை சிபிக்கு அது உதவாது.

சர்வரில் அசிங்க் (async), அதாவது டிஸ்கில் எழுதும் முன்பே எழுதியாயிற்று என்று பதில் சொல்லும் அமைப்பு, போடச் சொல்லி யாராவது சொன்னால், தயவுசெய்து யோசியுங்கள். வேகம் வரும், சர்வர் திடீரென்று விழுந்தால், எழுதியாயிற்று என்று நீங்கள் நம்பிய டேட்டா போய்விடும்.

எதையும் மாற்றும் முன், எந்த வகைக் கோரிக்கை எத்தனை தடவை போனது என்று காட்டும் மவுன்ட்ஸ்டாட்ஸ் (mountstats) கட்டளையை ஓட்டுங்கள். கெட்ஆட்டர் (GETATTR, ஃபைல் விவரம் கேட்பது) எண்ணிக்கை குவிந்திருந்தால் ஆக்டைமியோவை மாற்றுங்கள், ரீட் (READ, படிப்பது) குவிந்திருந்தால் ரீட்அஹெட்டை மாற்றுங்கள்.