நல்ல சேதிக்கு யார் கூடுவது?

(தங்கச்சிமடத்தில், மீன்பிடித் தடைக்காலத்து மாலை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமார்களே, அண்ணன் தம்பிகளே, வணக்கம்.

மீன் எவ்வளவு கிடைத்தது என்று கேட்க, நம் கரையில் 'பாடு எப்படி?' என்கிறோம். படுகிற கஷ்டத்துக்கும் பாடு என்றுதான் பெயர். இந்த இரண்டில் எதற்கு ஊர் கூடுகிறது? ஒரு வல்லம் நேரத்துக்குக் கரை திரும்பவில்லை என்றால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். அடுப்பை அப்படியே போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடுகிறோம். துக்கத்தில் துணை நிற்க நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் நல்ல பாடு கிடைத்தவர் வாயைத் திறப்பதில்லை. கண்பட்டுவிடும் என்று பயம், கைமாற்று கேட்பார்கள் என்று பயம். சரி, அது ஊருக்கு. வீட்டுக்குள்ளேயும் நல்ல சேதி அப்படித்தானே அடங்கிப் போகிறது?

1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன், மனநோயைப் பற்றி இவ்வளவு படித்த நாம், மனிதர் நன்றாக வாழ்வது எப்படி என்பதையும் அதே அக்கறையோடு ஆராய வேண்டும் என்றார். நேர்மறை உளவியல் அப்படி வளர்ந்த துறை. எப்போதும் சிரித்துக்கொண்டே இரு என்று அது சொல்லவில்லை. எல்லை தாண்டியதாகப் படகோடு பிடிபட்டுப் போனவரின் வீட்டில் போய் 'பாசிட்டிவா இருங்க' என்று யாராவது சொன்னால், அது கொடுமை.

அந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஷெல்லி கேபிளும் அவருடைய குழுவும் 2004-ல் வெளியிட்டது. நல்ல சேதி சொன்னவருக்குக் கிடைக்கும் பதிலை அவர்கள் நாலாகப் பிரித்தார்கள். நம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். மகள் ஓடி வந்து, "அப்பா, நர்சிங் சீட் கிடைச்சிருச்சு" என்கிறாள். அப்பா வலையில் பொத்தல் பார்த்துக்கொண்டிருக்கிறார். தலையைத் தூக்காமல் "ம்ம், நல்லது" என்று சொல்லலாம். "ஹாஸ்டல் பணத்துக்கு எங்கே போறது?" என்று கேட்கலாம். "தண்ணி வந்துச்சா?" என்று பேச்சை மாற்றலாம். அல்லது வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியா! எப்பம்மா தெரிஞ்சுது? பக்கத்துல யாரு இருந்தா?" என்று கேட்கலாம்.

இந்தக் கடைசிப் பதில் கிடைத்த தம்பதிகளிடம் நெருக்கமும் நம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. 2006-ல் வந்த அடுத்த ஆய்வு என்னை உலுக்கிவிட்டது. கஷ்டத்தைச் சொல்லும்போது துணை எப்படி நடந்துகொள்கிறார் என்பதைவிட, நல்லதைச் சொல்லும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் உறவின் நலத்தோடு அதிகம் ஒத்துப்போனது.

பணக் கவலை பொய்யில்லை. இந்த 61 நாளும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கையில் அது எவ்வளவு பெரிய கவலை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அதை நாளைக் காலையில் பேசலாம். இன்று சாயங்காலம் அந்த மகளுடையது.

உலுக்கியது என்று ஏன் சொன்னேன் என்றால், என் மனைவி ஸ்கூட்டர் பழகி, முதல் தடவை பாம்பன் பாலத்தைத் தாண்டி மண்டபம் வரை போய் வந்த அன்று முகமெல்லாம் பூரிப்பாக வந்து சொன்னார். நான் போனைப் பார்த்தபடியே, "இந்தக் காத்துல எதுக்குப் போனே? ஹெல்மெட் போட்டியா?" என்றேன். அக்கறையாகத்தான் கேட்டேன். அதன் பிறகு அவர் ராமநாதபுரம் வரை தனியாக ஓட்டிப் போய் வந்திருக்கிறார். அது எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

போன வாரம் அரிச்சல்முனைக்குப் போய் வந்ததாகச் சொன்னார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எங்கேயெல்லாம் நிறுத்தினே?" என்று கேட்டேன். ரோட்டில் மணல் ஏறிக் கிடந்ததையும், வண்டி சறுக்கப் பார்த்ததையும், காலை ஊன்றி மெதுவாகக் கடந்ததையும், அப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததையும் சொன்னார். சொல்லி முடிக்கும்போது சோறு ஆறிப்போயிருந்தது.