பாடம் தெரியும், நாள் தவறும்: எல்லையோரக் கல்லூரிகளில் ஏடிஎச்டி மாணவர்கள்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய சித்தூரில் கல்லூரி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, பின்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

எந்தத் துறையை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒரு மாணவர் இருப்பார். வகுப்பில் அவர் கேட்கும் கேள்வி ஆசிரியரையே சற்று நிறுத்தி யோசிக்க வைக்கும். வாய்மொழித் தேர்வில் தயங்காமல் பதில் சொல்வார். ஆனால் அசைன்மென்ட் வராது. ரெக்கார்டு நோட்டில் நான்காவது சோதனைக்குப் பிறகு வெற்றுத் தாள்களாக இருக்கும். செமினார் நாளன்று ஆளையே காண முடியாது. பருவ முடிவில் இன்டர்னல் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, ‘கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனால் பொறுப்பில்லை’ என்று எழுதாத குறையாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள் என்று கேட்பதற்காகவே இங்கு வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட எல்லோருக்கும் ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் குறைபாடு, இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு இருக்கிறது, அந்தச் சிலரை அடையாளம் காணாமலேயே பட்டப்படிப்பு முடிந்துவிடுகிறது, அல்லது பாதியில் நின்றுவிடுகிறது.

இது செல்போன் வந்த பிறகு வந்த நோய் என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. 1798-இல் அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், எதிலும் கவனத்தை நிலைநிறுத்த முடியாதவர்களைப் பற்றித் தம் நூலில் ஒரு தனி அத்தியாயமே எழுதினார். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவுத்திறனில் குறையில்லாமலே தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றி லண்டனில் உரைகள் ஆற்றினார். ஆக, செல்போனுக்கு மட்டுமல்ல, வானொலிக்கும் முந்தையது இந்தக் கதை. இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள் இதில் மரபுவழிப் பங்கு ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு என்று காட்டுகின்றன. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அப்படியென்றால் அறுபது பேர் அமரும் வகுப்பில் ஒருவராவது இருப்பார் என்று எண்ணிக்கொள்வதில் தவறில்லை.

இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேன் எடுத்தும் சொல்ல முடியாது. மருத்துவர் கேட்டும் விசாரித்தும்தான் முடிவுக்கு வருகிறார். 2013-இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 என்ற மனநல மருத்துவக் கையேட்டின்படி, கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளும் மிகையியக்கம், அவசரச் செயல் ஆகியவற்றுக்கு ஒன்பது அறிகுறிகளும் உண்டு. பதினேழு வயது நிரம்பியவருக்கு இவற்றில் ஏதேனும் ஒரு தொகுப்பிலாவது ஐந்து அறிகுறிகள் இருக்க வேண்டும். அவற்றில் பல பன்னிரண்டு வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். கல்லூரியில் மட்டுமோ வீட்டில் மட்டுமோ இல்லாமல் குறைந்தது இரண்டு இடங்களிலாவது அவை தெரிய வேண்டும். ஆகவே இருபது வினாடி ரீல் ஒன்றைப் பார்த்துவிட்டு ‘எனக்கும் ஏடிஎச்டி’ என்று சொல்வது செல்லாது. அதுபோலவே, ‘பையன் ஒரு மணி நேரம் அசையாமல் கிரிக்கெட் பார்க்கிறானே, அவனுக்கு எப்படி இருக்கும்?’ என்று கேட்பதும் செல்லாது.

அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் அனைவரும் கேட்பது இதைத்தான். இவர்களிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய நேரத்தில் வேண்டிய பக்கம் திருப்புவதில்தான் தடங்கல். ஆழியாற்றுத் தண்ணீருக்காகக் காத்திருந்து பழகிய இந்த ஊருக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை: அணையில் தண்ணீர் இருப்பது வேறு, நாற்று வாடும் நாளில் மதகு திறப்பது வேறு. பிடித்த விஷயம், புதிய விஷயம், இன்றைக்கே முடித்தாக வேண்டிய விஷயம் என்றால் இவர்களுடைய மதகு தானாகத் திறந்துகொள்கிறது. மூன்று வாரம் கழித்துக் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட் என்றால் எவ்வளவு முயன்றாலும் திறப்பதில்லை. மூளையில் டோபமின், நோர் அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்கள் செயல்படும் முறையோடு இதற்குத் தொடர்பு உண்டு. மன உறுதியோடு மட்டும் தொடர்புடையது என்றால், இத்தனை ஆண்டுகளாக வாங்கிய திட்டுக்கு இவர்கள் எப்போதோ சரியாகியிருக்க வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள், பள்ளியில் நல்ல மதிப்பெண். கல்லூரியில் இரண்டாவது பருவத்திலேயே மூன்று பாடங்களில் சப்ளி, அதாவது அரியர். பேசிக்கொண்டிருக்கும்போதே பையைத் திறந்து ஒரு தாளைத் தேடத் தொடங்கினாள். கிடைக்காமல் போகவே பையை மேசையில் கவிழ்த்தாள். எல்லாவற்றிலும் முதல் பத்துப் பக்கம் மட்டும் எழுதிய நோட்டுகள், விளிம்பு கிழிந்த பஸ் கன்செஷன் கார்டு, யாரிடமோ இரவல் வாங்கிய கால்குலேட்டர், அவற்றுக்கு அடியில் நேர்த்தியான கையெழுத்தில் முழுமையாக எழுதி முடித்த ஓர் அசைன்மென்ட். கடைசி நாள் முடிந்து பல நாள் ஆகியிருந்தது. இரவெல்லாம் விழித்து எழுதியிருக்கிறாள். காலையில் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறாள். தாமதமாகக் கொடுக்கக் கூச்சப்பட்டுக் கொடுக்காமலே விட்டிருக்கிறாள். ஆசிரியரின் பதிவேட்டில் அது பூஜ்யம். அவளுடைய ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. கைக்கு வராத தாளுக்கு யார் மதிப்பெண் போட முடியும்?

பெண் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள். பெஞ்சு மேல் ஏறிக் குதிக்கும் பையனை மூன்றாம் வகுப்பிலேயே எல்லோரும் கவனித்துவிடுவார்கள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கும் பெண்ணை ‘சாது’ என்று சொல்லிவிடுவார்கள். அவள் முதன்முதலாக மனநல மருத்துவரிடம் போவது பதற்றத்துக்காகவோ மனச்சோர்வுக்காகவோ இருக்கும். அந்தப் பதற்றத்துக்குக் கீழே இது கிடக்கிறது என்பது வெகுநாள் கழித்தே தெரியவரும்.

பள்ளியில் சமாளித்த பிள்ளை கல்லூரியில் ஏன் சரிகிறது? பள்ளியில் தினமும் டெஸ்ட் இருந்தது. டைரியில் கையெழுத்துப் போட அம்மா இருந்தார். மாலையில் டியூஷன் ஆசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத வைத்தார். நேரத்தை நிர்வகிக்கும் வேலையைச் சுற்றியிருந்தவர்கள் செய்துகொண்டிருந்தார்கள், பிள்ளை படிக்க மட்டும் செய்தது. கல்லூரிக்கு வந்ததும் அந்தத் தாங்குகோல்கள் ஒரே நாளில் விலகிவிடுகின்றன. 2024 முதல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்திருக்கும் நான்காண்டுப் பட்டப்படிப்பில் எந்தப் பாடத்தை எடுப்பது, எத்தனை கிரெடிட், எந்த நாளுக்குள் பதிவு செய்வது என்று மாணவரே முடிவெடுக்க வேண்டியவை இன்னும் கூடியிருக்கின்றன. சுதந்திரம் என்ற அளவில் அது நல்லதுதான். ஆனால் தேதிகளை மனத்தில் இருத்த முடியாதவருக்கு ஒவ்வொரு சுதந்திரமும் ஒரு கடைசித் தேதியாகத்தான் வந்து சேர்கிறது.

இனி, வெளியூரில் பேசும்போது நான் சொல்லத் தேவையில்லாத, ஆனால் இங்கே விட்டுவிட முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளை, மலையாளமும் ஆங்கிலமும் கலந்து நடக்கும் வகுப்பில் முதல்முறையாக உட்காருகிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தேதி மாற்றம் மலையாளத்தில் வருகிறது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளை தோழியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. இந்த நிலையில் ஒரு மாணவர் பின்தங்கினால், ‘மொழிப் பிரச்சினை, போகப் போகச் சரியாகிவிடும்’ என்று டியூட்டர் நினைப்பது இயல்பு. அதனால் ஏடிஎச்டி உள்ள தமிழ்ப் பிள்ளைகள் ஓர் ஆண்டை இழக்கிறார்கள். இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது. மொழி புரியாததால் மட்டுமே வகுப்பில் சோர்ந்து உட்காரும் பிள்ளைக்குக் ‘கவனக்குறைவு’ என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆசிரியர்களால் முடியும். தமிழிலேயே ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். மொழிதான் தடை என்றால் தமிழில் கொடுத்த வேலை உரிய நாளில் வந்துவிடும். ஏடிஎச்டி என்றால் தாய்மொழியிலும் அதே தாமதம், அதே பாதி எழுதிய தாள், அதே மறதி. வீட்டில் சாவி, குடை, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றின் கதியை விசாரியுங்கள். அவற்றுக்கு மலையாளம் தெரிய வேண்டியதில்லை. தொடக்கப் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் ‘கவனம் தேவை’ என்று அன்றைய ஆசிரியர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். அதோடு தூக்கத்தையும் கேளுங்கள். விடியற்காலையில் எழுந்து வேலந்தாவளத்திலிருந்தோ வாளையாறு தாண்டியோ பஸ் மாறி வரும் பிள்ளை ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு வந்தால், எந்தக் குறைபாடும் இல்லாமலே அதன் கவனம் சிதறும்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிக்காதவை. வாயால் சொன்ன தேதியைக் கரும்பலகையில் ஒரு மூலையில் எழுதி, பருவம் முடியும்வரை அழிக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் தேதியை எண்ணாகப் போட்டால் எந்த மொழிப் பிள்ளைக்கும் புரியும். ஒரே கடைசி நாளுக்குப் பதிலாக மூன்று சிறிய நாள்கள் வையுங்கள்: தலைப்பு ஒரு நாள், முதல் இரண்டு பக்கம் ஒரு நாள், முழுத்தாள் ஒரு நாள். இது எல்லா மாணவருக்குமே நல்லது. யாரையும் தனியே சுட்டிக்காட்ட வேண்டியதும் இல்லை. தாமதமாக வரும் தாளுக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள், ஆனால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளை எழுதவே மாட்டான். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்; பள்ளிப்பருவம் முழுவதும் அது போதுமான அளவுக்குக் கிடைத்திருக்கிறது. கேரள அரசுக் கல்லூரிகளில் ஜீவனி என்ற மனநல ஆலோசனைத் திட்டமும், படிப்பில் பின்தங்கிய மாணவருக்கான ஸ்காலர் சப்போர்ட் திட்டமும் இருக்கின்றன. தமிழில் பேச ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லி அனுப்புவது நம் பொறுப்பு.

மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: மனத்தை நம்பாதீர்கள், காகிதத்தை நம்புங்கள். காதில் விழுந்த தேதியை அந்த நொடியே எழுதுங்கள். தனியாக அறையில் உட்கார்ந்தால் நகராத வேலை, பக்கத்தில் வேறொருவர் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தால் நகர்கிறது என்பது ஏடிஎச்டி உள்ளவர்களில் பலருடைய அனுபவம். அதனால் நூலகத்துக்கு நண்பரோடு போங்கள். பேச வேண்டாம், உடன் இருந்தால் போதும். பெற்றோர் இதே துணையை வீட்டில் கொடுக்கலாம். பிள்ளைக்குப் பதிலாக அசைன்மென்ட் எழுதிக் கொடுக்கும் அப்பாக்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது துணை ஆகாது.

மருந்தைப் பற்றி நீங்கள் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். மீத்தைல்ஃபெனிடேட் 1944-இல் உருவாக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. அட்டாமாக்செட்டின் என்ற வேறு வகை மருந்தும் உண்டு. எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. தேவைப்படுபவர்களில் பலருக்கு அது கண்கூடாக உதவுகிறது. பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது போன்ற பக்கவிளைவுகள் உண்டு என்பதால் மனநல மருத்துவரின் கண்காணிப்பிலேயே எடுக்க வேண்டும். மீத்தைல்ஃபெனிடேட் நம் நாட்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருப்பது. எனவே கோவையில் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் பாலக்காட்டு விடுதியில் தங்குபவர்கள் மருந்துச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரவில் அறைத்தோழனுக்கு ஒரு மாத்திரை கொடுப்பது உதவி ஆகாது, குற்றமாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் உண்டு. ஏடிஎச்டி தனிப் பெயராக இல்லை. இது எனக்கு உடன்பாடில்லாத விடுபடல். ஆனாலும் கதவு முழுதாக அடைபடவில்லை. ஏடிஎச்டி உள்ளவர்களில் கணிசமானோருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். அதையும் பரிசோதித்துச் சான்றிதழ் பெற்றால், அந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும், வாளையாறு சோதனைச் சாவடி அதற்குத் தடையில்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 விழுக்காடு குறைபாடு என்ற வரம்பை எட்டாதவருக்கும் தேர்வெழுதத் துணையாளர் வசதியை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அது கை எழுத வராத ஒருவருடைய வழக்கு. ஆனால் ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்து தருவது கடமை என்று அதில் சொன்னதை எடுத்துக்காட்டித் துறைத்தலைவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதலாம். எழுதுவது என்றால் தேர்வு விண்ணப்பத்தோடு சேர்த்து எழுத வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் யாராலும் உதவ முடியாது.

சந்தேகம் இருப்பவர்கள் முதலில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழைக்கலாம்; கட்டணம் இல்லை, மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். பிறகு எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். ‘மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு?’ என்று தயங்கும் அம்மாக்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். பட்டம் முடியாமல் வீட்டில் உட்காரும் மகளுக்கும் நீங்கள்தானே பதில் சொல்ல வேண்டியிருக்கும்? மருத்துவரிடம் போகும்போது பழைய மதிப்பெண் அட்டைகளை எடுத்துக்கொண்டு போங்கள். அவற்றைத் தேடி எடுக்கும் வேலையை மட்டும் அந்தப் பிள்ளையிடமே ஒப்படைக்காதீர்கள்.