மாலை நாலு மணிக்குப் பிறகு அருங்காட்சியகம்

வணக்கம், நேயர்களே.

கோவையில் நாலைந்து நண்பர்கள் ஒன்று சேர்ந்தால் மாலைப்பொழுதுக்கு வழி என்ன? சினிமா, மால், இல்லையென்றால் மருதமலை அடிவாரம். அருங்காட்சியகம் என்று யாராவது வாயெடுத்தால், "அதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க போற இடமுங்க" என்று பேச்சே முடிந்துவிடும். போனவர்களும் பாதிப்பேர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்தான். அதனால் முதலில் பூட்டுகிற நேரத்தைப் பேசிவிடுவோம்.

அரசு அருங்காட்சியகங்கள் காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை. வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. அவிநாசி ரோட்டில் இருக்கிற ஜீடி கார் மியூசியம் மாலை 6.30 வரை உண்டு. அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆக இரண்டையும் நம்பிக் கிளம்புகிறவர்களுக்குச் செவ்வாய், புதன், வியாழன் பழுதில்லாத நாட்கள். ஞாயிறும் திறந்திருக்கும், கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் கொடுப்பதைப் பூட்டுவதற்கு முன்பே நிறுத்திவிடுவது எங்கும் உள்ள வழக்கம். கடைசி அரைமணி நேரத்தில் போய் நிற்காதீர்கள். நேரம் மாறுவதும் உண்டு, கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். ஆர்.எஸ். புரத்தில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் அருமையான இடம். ஆனால் அது அலுவலக நேரத்துக்கு நடப்பது, மாலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பகலில் தனியாகப் போகத் தக்கது.

இன்னொன்று, ஒரே மாலையில் நாலு இடம் என்று திட்டம் போடுகிறவர்கள் நாலையும் பார்ப்பதில்லை. இரண்டு இடம் போதும். அதிலும் பூட்டுகிற இடம் முதலில், பூட்டாத இடம் பிறகு.

அவிநாசி ரோட்டு மாலையை எடுத்துக்கொள்வோம். நாலு மணிக்குக் கார் மியூசியம். உப்பிலிபாளையத்தில் புது மேம்பாலத்தில் ஏறிவிட்டால் மியூசியம் உங்கள் காலடியிலேயே கடந்துபோய்விடும், கீழ்ச்சாலையிலேயே வாருங்கள். மேம்பாலத்துக்கு வைத்திருப்பதும் கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு பெயர், தவறவிடுவதும் அவர் பெயரிலான மியூசியம் என்பது கொஞ்சம் வேடிக்கைதான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவர் அவர். 1937-இல் இந்தியாவிலேயே முதல் மின்மோட்டார் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. கார் மியூசியம் 2015-இல் வந்தது.

உள்ளே போனதும் எல்லாரும் செய்வது, பளபளப்பான வண்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பது. ஃபோர்டு டி மாடல் வண்டியைத் தேடிப் பிடித்து, அதன் கால்மிதிப் பக்கம் குனிந்து பாருங்கள். மூன்று பெடல் இருக்கும். இடது பெடலை முழுக்க அழுத்தினால் முதல் கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், காலை எடுத்துவிட்டால் மேல் கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். அப்படியானால் ஆக்சிலேட்டர் எங்கே? ஸ்டியரிங் சக்கரத்துக்கு அடியில், வலப்பக்கம், கையால் இழுக்கிற ஒரு சின்னக் கம்பி. இடப்பக்கமும் அதேபோல் ஒரு கம்பி இருக்கும். அது தீப்பொறி அடிக்கும் நேரத்தை முன்னே பின்னே தள்ளுவதற்கு. உங்கள் கூட்டத்தில் நன்றாகக் கார் ஓட்டுகிறவர் ஒருவரை நிறுத்தி, இதை எப்படிக் கிளப்புவது என்று கேளுங்கள். வேகமெடுக்க அவர் வலது காலை அழுத்தினால் வண்டி நின்றுவிடும்!

முன்பக்கம் கையால் சுற்றும் கைப்பிடிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தீப்பொறிக் கம்பியைப் பின்னுக்குத் தள்ளாமல் சுற்றினால், பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடிப்பு நடந்து, கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கச் சொல்லிக்கொடுத்தது அதனால்தான். இந்த ஒரு வண்டிக்கு இருபது நிமிடம் கொடுங்கள். பத்து வண்டியை வேகமாகப் பார்ப்பதைவிட அது மேல்.

அதே ரோட்டில் இன்னும் கிழக்கே போனால் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும். ஆலைத் தொழில் ஊருக்கு ஜவுளி அருங்காட்சியகம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவை வைத்திருக்கும் அறைகள் எங்கும் மங்கலாகத்தான் இருக்கும். சிக்கனம் என்று நினைக்காதீர்கள். சாயம் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், போன சாயம் திரும்பாது. அதனால் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், துணிக்கும் நீர்வண்ணத்துக்கும் 50, எண்ணெய் ஓவியத்துக்கு 200 அளவுக்குள் விளக்கை வைப்பது உலக வழக்கம். வெயிலிலிருந்து நேரே உள்ளே நுழைந்தால் முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. வாசலில் நின்று கண் பழகட்டும், பிறகு போங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கண்ணாடிப் பேழைக்கு முன் போனில் படமெடுக்கும்போது வெள்ளைச் சட்டைக்காரர் நின்றால் சட்டைதான் படத்தில் விழும். கறுப்புச் சட்டை போட்டவரிடம் போனைக் கொடுத்து, நேரே நிற்காமல் கொஞ்சம் சாய்வாக நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

துணியைப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பவானி ஜமக்காளம் கண்ணில் பட்டால் கரையோரத்தைக் கவனியுங்கள். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற துணி அது. பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், வெளியே தெரியவே தெரியாது. பாவை இடைவெளி விட்டு இழுத்துக் கட்டி, குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூலை அடித்து அடித்து நெருக்குவதால் ஊடை பாவை மூடிவிடும். வண்ணப் பட்டைகள் அகலவாக்கில் ஓடுவதற்கும் காரணம் இதுதான், நிறம் முழுவதும் ஊடையில் இருக்கிறது. சென்னிமலைக் கட்டம் போட்ட பெட்ஷீட்டில் அப்படியில்லை. பாவும் ஊடையும் சம அளவில் தெரியும், அதனால்தான் கட்டமே உண்டாகிறது. ஓரத்தில் நூல் திரும்பி உள்ளே போனால் அது, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடிய தறி. நறுக்கிவிட்ட குஞ்சம் போல் நூல் நின்றால் நாடா இல்லாத புதுத் தறி.

ஓவியக் கண்காட்சி என்றால் தொடக்க நாள் மாலையில் போவது நல்லது, ஓவியர் அங்கேயே இருப்பார். "இதுக்கு என்ன அர்த்தமுங்க?" என்று கேட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் பதில் வராது. "எதில் வரைந்தீர்கள், எது முதலில் வைத்த நிறம், எங்கே அழித்துத் திருத்தினீர்கள்?" என்று கேளுங்கள், நிறுத்தாமல் பேசுவார். ஓவியத்தின் மூலைக்கு மூலை அளவைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் முதலில் நில்லுங்கள், பிறகு ஒரு முழத் தூரத்துக்கு வாருங்கள். பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றாகிவிட்டது என்று பொருள். அச்சு ஓவியத்தின் அடியில் பென்சிலால் 3/25 என்று எழுதியிருந்தால் 25 பிரதிகளில் அது மூன்றாவது. வாங்கினால் ஓவியர் கையெழுத்தோடு பெயர், ஆண்டு, எதில் வரைந்தது என்பதெல்லாம் எழுதிய சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். கேன்வாஸின் வண்ணப் பக்கத்தில் குமிழித்தாளை நேரடியாகச் சுற்றவிடாதீர்கள். வெயிலில் நிற்கிற காருக்குள் குமிழ்கள் வண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அச்சுப் பதிந்துவிடும். முதலில் பட்டர் பேப்பர், அதற்கு மேல் மற்றது. பைக்கில் கொண்டுபோவதை மறந்துவிடுங்கள்.

வேறொரு நாள், தெற்குப் பக்கம். உக்கடம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சுவர்களில் ஆள் உயரத்துக்குப் பல மடங்கு பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. டிக்கெட்டும் இல்லை, பூட்டும் இல்லை. எதிர்ச்சாரியில் நின்றால்தான் முழுசாகத் தெரியும். அது மக்கள் குடியிருக்கிற இடம் என்பது நினைவிருக்கட்டும், ஜன்னலும் துணிக்கொடியும் படத்தில் விழாமல் எடுங்கள். அங்கிருந்து மேற்கே ஆறேழு கிலோமீட்டரில் பேரூர் பட்டீசுவரர் கோயில். மாலை நாலு மணிக்கு மேல் நடை திறந்திருக்கும். அங்குள்ள கனகசபையில் 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்கள் எட்டு, ஒவ்வொன்றும் ஒரே கல். வீரபத்திரர், ஆலங்காட்டுக் காளி, ஊர்த்துவ தாண்டவம், யானையை உரித்த கோலம். பிரதோஷத்தன்று போனால் தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், அமாவாசையும் அப்படியே. மற்ற நாட்களில் ஆறரைக்கு மேல் போங்கள். நேர் எதிரில் நின்று பார்ப்பதோடு விடாமல் தூணின் பக்கவாட்டுக்கும் வாருங்கள். கை, கால், ஆயுதம் எல்லாம் தூணைவிட்டு எவ்வளவு வெளியே வந்திருக்கின்றன என்பது அங்கிருந்துதான் பிடிபடும். கையால் தொடாதீர்கள். எண்ணெயும் குங்குமமும் படிந்து படிந்து செதுக்கிய கோடுகள் மூடிப்போவது நம் கைகளால்தான். படம் எடுப்பதற்குக் கோயிலார் சொல்வதே முடிவு.

கல்லைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சங்கதி. கொங்குநாடு புலிகுத்திக் கற்களுக்குப் பேர்போனது. ஆடுமாட்டுப் பட்டியைக் காக்கப் போய்ப் புலியோடு மோதிச் செத்த வீரனுக்கு நட்ட கல். அருங்காட்சியக வளாகங்களில் இவற்றை வெளியில்தான் நிறுத்தியிருப்பார்கள். உச்சிவெயிலில் பார்த்தால் வெறும் பாறை. வெயில் சாய்ந்த பிறகு அதே கல்லில் வாள் புலியின் உடலுக்குள் இறங்குவதும், புலியின் வால் மேலே சுழல்வதும், ஓரத்தில் தேய்ந்த எழுத்தும் எழுந்து வரும். சூரியன் வேறு பக்கம் இருந்தால் போன் டார்ச்சைக் கல்லின் முகத்துக்கு நேரே அடிக்காமல், கல்லை ஒட்டி, பக்கவாட்டிலிருந்து, தரைக்கு இணையாகப் பிடியுங்கள். நிழல் விழுந்தால்தான் எழுத்து. சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்காதீர்கள், துளைகளில் தங்கிக் கல்லைக் கெடுக்கும். நவம்பரில் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், ஜூனில் 6.50 வரை வெளிச்சம் உண்டு. அதற்கும், வளாகம் பூட்டுகிற நேரத்துக்கும் தக்கபடி கல்லுக்கான நேரத்தை வையுங்கள்.

ஈரோட்டுக்காரர்களுக்கு வேலை இன்னும் சுலபம். வ.உ.சி. பூங்கா வளாகத்தில் அரசு அருங்காட்சியகம், ஊருக்குள் பெரியார்–அண்ணா நினைவகம். அந்தப் பக்கத்து மண்ணில் கண்டெடுத்த பொருள் எதைப் பார்த்தாலும் கொடுமணலை நினைவில் வையுங்கள். நொய்யல் கரையில் இருக்கும் அந்த ஊர், பதிற்றுப்பத்தில் கொடுமணம். கல்மணி செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அங்கே கிடைத்தன. தட்டி உருவம் கொடுத்தது, தேய்த்தது, துளையிட்டது என்று முடியாத மணிகளும் கிடைத்ததால்தான் அங்கேயே செய்தார்கள் என்று சொல்ல முடிகிறது. சூதுபவளம் என்கிற செந்நிறக் கல்லில் செய்த மணி ஒன்று பேழையில் இருந்தால் துளையைப் பாருங்கள். இரண்டு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். ஒரே முனையிலிருந்து துளைத்தால் மறுமுனையில் சில்லுத் தெறித்துவிடும். வெளிச்சம் ஊடுருவுகிற மணியாக இருந்தால் இரண்டு துளையும் சந்திக்கிற இடத்தில் ஒரு சின்ன விலகல் தெரியும்.

ஐந்து பேருக்கு மேல் ஒரே பேழையை மொய்க்க முடியாது. உள்ளே நுழைந்ததும் பிரிந்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அரைமணி கழித்து ஒருவர் பொருளுக்கு மற்றவர்களைக் கூட்டிப்போகட்டும். பெயர்ப்பலகையில் கண்டெடுத்த ஊர் எழுதியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்பதற்கு விடை அதிலேயே இருக்கும்.