முட்டை சாப்பிட்டால் குளுக்ககான் ஏன் ஏறுகிறது?

அவையோருக்கு வணக்கம்.

குளுக்ககானைப் பட்டினி ஹார்மோன் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் கணையம் அதைச் சுரக்கும், கல்லீரல் சர்க்கரையை வெளியே விடும். பாடம் அதோடு சரி. ஆனால் சோறு இல்லாமல் நான்கு முட்டை மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள். வயிறு நிறைந்த பிறகும் குளுக்ககான் ஏறும்!

முட்டைப் புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்கள் இன்சுலினையும் சுரக்க வைக்கின்றன. முட்டையிலோ மாவுச்சத்து கிடையாது. இன்சுலின் மட்டும் ஏறினால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கூடவே ஏறும் குளுக்ககான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. இது பலருக்கும் தெரிந்ததுதான். எனக்குச் சுவையாகப் படுவது இதன் மறுபாதி.

குளுக்ககான் தூண்டும்போது கல்லீரல் அமினோ அமிலத்திலிருந்தும் சர்க்கரை செய்கிறது. அப்படிச் சர்க்கரையாக்க, முதலில் அதன் நைட்ரஜனைக் கழற்ற வேண்டும். அது அம்மோனியாவாகத் தேங்கினால் மூளைக்கு ஆபத்து. அம்மோனியா, சிறுநீரில் வெளியேறும் யூரியாவாக மாறும் சுழற்சியை 1932-ல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க்கில் ஹான்ஸ் கிரெப்ஸும் மருத்துவ மாணவரான கூர்ட் ஹென்சலைட்டும் எலியின் கல்லீரல் சீவல்களைக் கொண்டு கண்டறிந்தார்கள். மறு ஆண்டே, யூதர் என்பதற்காக நாஜி அரசு கிரெப்ஸை வேலையிலிருந்து நீக்கியது. அவர் இங்கிலாந்து போய் 1937-ல், செல்கள் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சியையும் கண்டுபிடித்தார். இழப்பு யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யூரியா சுழற்சியின் முதல் இரண்டு படிகள், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கின்றன. முதல் படிக்கான நொதி, என்-அசிட்டைல்குளூட்டமேட் என்ற சிறு மூலக்கூறு வந்து ஒட்டும்வரை அசையாது. அந்த மூலக்கூறைத் தயாரிக்கும் நொதியை முடுக்கிவிடுவது யார்? ஆர்ஜினின். அதுவும் ஓர் அமினோ அமிலமே! புரதம் வந்து சேர்ந்த செய்தியைப் புரதத்தின் துண்டே உள்ளே சொல்லிவிடுகிறது.

குளுக்ககானின் வேலை வெளியிலிருந்து. அது கல்லீரல் செல்லுக்குள் அமினோ அமிலங்களை இழுக்கிறது; மைட்டோகாண்ட்ரியாவில் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் நொதியைத் தூண்டுகிறது. கொழுப்பு எரிவதைத் தடுக்கும் மலோனைல் கோஏ என்ற மூலக்கூறைக் குறைத்து, கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய வழிவிடுகிறது. கொழுப்பு எரிந்து வரும் அசிட்டைல் கோஏ என்ற மூலக்கூறு, பைருவேட் கார்பாக்சிலேஸ் என்ற நொதியை இயக்கிச் சர்க்கரை உற்பத்தியைத் தொடங்குகிறது. யூரியா செய்யத் தேவையான ஏடிபி-யும் (செல்லின் ஆற்றல் நாணயம்) அந்தக் கொழுப்பு எரிவதிலிருந்தே கிடைக்கிறது.

என்-அசிட்டைல்குளூட்டமேட்டைத் தயாரிக்கும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் அரிதாக உண்டு. பிறந்த சில நாட்களிலேயே அம்மோனியா ஏறி, பால் குடிக்காமல் துவண்டுபோகும். இன்று அதற்கு மருந்து இருக்கிறது: கார்குளூமிக் அமிலம். உருவத்தில் அந்த மூலக்கூறை ஒத்தது. வாய்வழி கொடுத்தால் மைட்டோகாண்ட்ரியாவை அடைந்து, உறங்கிக் கிடந்த அந்த முதல் நொதியை எழுப்பிவிடுகிறது.